முகில் இறங்கும் சமவெளி



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் "இம்முறை எங்கே போவது?" என்ற பேச்சு தொடங்கிவிடும். ஏப்ரல் மாதமென்றால் பெரும்பாலும் நுவரெலியாதான். கிறகரி வாவியில் படகேறி, விக்டோரியா பூங்காவில் நின்று படமெடுத்து, பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டு திரும்புவோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 7000 அடி உயரத்தில், ஓர் அகன்ற புல்வெளியும் அதைச் சூழ்ந்த முகிற்காடும் இருப்பதை நம்மில் பலர் பெயரளவில் மட்டுமே அறிவோம். ஹோட்டன் சமவெளி என்று தமிழிலும், மகா எலிய தென்ன என்று சிங்களத்திலும் வழங்கும் இடம் அது. 'பெரிய வெட்டவெளி' என்பது சிங்களப் பெயரின் பொருள். ஆங்கிலப் பெயரோ 1831 முதல் 1837 வரை இங்கு ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டன் என்பவரின் நினைவாக வைக்கப்பட்டது. இரண்டில் எது இடத்துக்குப் பொருந்துகிறது என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு எழுத ஒரு காரணம் உண்டு. கொழும்பில் இருக்கும் சகோதரி காலையில் குழாயைத் திறந்து வுழூச் செய்யும் நீர் களனி கங்கையிலிருந்து வருகிறது. கம்பளையில் இருப்பவரின் வீட்டைக் கடந்து ஓடுவது மகாவலி. அதே மகாவலிதான் நாட்டைச் சுற்றி வளைந்து 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அம்பலாந்தோட்டைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்வது வளவை கங்கை. இம்மூன்று ஆறுகளுக்கும் நீர் சேர்க்கும் ஓடைகள் இந்த ஒரே மலைவெளியிலும் அதன் சரிவுகளிலும் பிறக்கின்றன. மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று எனப் பிரிந்து போகும் மூன்று ஆறுகள்! ஆகவே நீங்கள் அங்கே போனதில்லை என்றாலும், அந்த இடம் நாள்தோறும் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

அங்கே செல்ல இரண்டு வழிகள் உண்டு. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வருவது ஒன்று. பதுளைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஓஹிய வழி. புகையிரதத்தில் வருவதானால் அந்தப் பயணமே ஒரு பாடம். பட்டிப்பொல நிலையம் நம் நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம், 1891 மீற்றர். அதைத் தாண்டியதும் பாதை தன் உச்சியை அடைந்து, ஒரு சுரங்கத்துள் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழையும் இருளுமாக இருக்க, அந்தப் பக்கம் வெயிலடிப்பதைப் பல தடவைகள் கண்டிருக்கிறேன். பிள்ளைகளை யன்னலோரம் உட்கார வையுங்கள். மலைத்தொடர் ஒன்று மழையை எப்படிப் பங்கிடுகிறது என்பதைப் புத்தகமில்லாமலே படித்துவிடுவார்கள். ஓஹியவில் இறங்கினால், மேலே செல்ல 11 கிலோமீற்றர் ஏற்றப் பாதை; வாகனம் பிடித்துக்கொள்வதே நல்லது.

காலை 6 மணிக்கு வாயில் திறக்கப்படும். ஸுபஹ் தொழுகையை முடித்த கையோடு புறப்பட்டால்தான் சரிவரும். ஏனெனில் காலை 9, 10 மணிக்குள் கீழிருந்து முகில் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பிந்திப் போனவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வாயிலில் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போக முடியாது. பிஸ்கட்டின் உறையைக்கூடக் கழற்றி, கடதாசியில் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நம் குடும்பங்கள் சில இந்த இடத்தில் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். "காசு குடுத்து ரிக்கற் எடுத்திட்டம், பிறகு இது என்ன கரைச்சல்?" என்று ஒருவர் சத்தமிட்டார். அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் உள்ளே போவோம்.

உள்ளே சென்றதும் முதலில் கண்ணில் படுவது புல். பத்தனைப் புல்வெளி என்று நமது பாடநூல்கள் சொல்வது இதைத்தான். காலையில் புல்நுனியெல்லாம் பனி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான சில நாட்களில் அது உறைந்து, தரை வெள்ளை விரித்தாற்போல் ஆகிவிடும். ஆண்டின் சராசரி வெப்பநிலையே 13 பாகை செல்சியஸ்தான். வெயில் ஏறியதும் அதே இடத்தில் முகம் கறுக்கும் அளவுக்குச் சுடும். ஒரே நாளில் இரண்டு பருவங்கள்! புல்வெளியின் ஓரங்களில் காடு தொடங்குகிறது. தாழ்நிலக் காடுகளைப் போல் வானளாவிய மரங்கள் இங்கில்லை. வளைந்து நெளிந்த, குடை பிடித்தாற்போன்ற தலையுடைய குட்டை மரங்கள். இலைகள் சிறியவை, தோல்போலத் தடித்தவை. 'கீன' எனப்படும் மரம் மிகுதி. மஹ ரத்மல் எனும் மரம் பூத்திருக்கும் காலமானால், பச்சைக்கு நடுவே கொத்துக் கொத்தாகச் சிவப்பு. இமயமலைப் பக்கத்தில் வளரும் மரத்தின் உறவினம் இது. நம் நாட்டில் மத்திய மலையுச்சிகளில் மட்டுமே காணலாம்.

மரங்களின் கிளைகளை உற்றுப் பாருங்கள். தண்டு தெரியாமல் பாசி படர்ந்திருக்கும். நரைத்த தாடிபோல் இலைக்கன்கள் தொங்கும். இடையிடையே சின்னஞ்சிறு ஓர்க்கிட் செடிகள். இவை வெறும் அலங்காரமல்ல. மூடுபனி காட்டுக்குள் நுழையும்போது, அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளை இலைகளும் பாசியும் தாடியும் பிடித்துக்கொள்கின்றன. துளியோடு துளி சேர்ந்து கனத்ததும் கீழே சொட்டுகிறது. மழையே பெய்யாத நாளில் காட்டுக்குள் நின்று பாருங்கள், தலையில் நீர் விழும். அடியிலுள்ள கரிய மண் அதைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடம்தான். எனினும் மழையற்ற மாதங்களிலும் ஓடை வற்றாதிருக்கக் காரணம் இந்தச் சேமிப்பு. மரத்தை வெட்டிவிட்டால் முகில் வரும், போகும். நீரைப் பிடித்து வைக்க ஆளிருக்காது.

'அல்-காஷியா' ஸூராவிலே, ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்று மனிதர் பார்க்க வேண்டாமா என அல்லாஹ் கேட்கிறான். இந்த ஸூராவை ஓதிக் கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு ஒட்டகத்தைப் படத்தில்தான் காட்ட முடிகிறது. மலையை நேரில் காட்டலாம் அல்லவா? பார்வை என்பது படமெடுப்பது மாத்திரமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

இவ்வெளியின் எல்லைக்குள்ளேயே நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்கள் இருக்கின்றன: கிரிகல்பொத்த 2395 மீற்றர், தொட்டுபொல கந்த 2357 மீற்றர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை சாதாரணக் குன்றுகளாகத் தெரியும். ஏனெனில் நாம் நிற்கும் இடமே அவ்வளவு உயரம்!

எல்லோரும் தேடிப் போவது 'உலக முடிவு' எனும் பாறை விளிம்பைத்தான். நடந்து சுற்றிவர ஏறக்குறைய 9 கிலோமீற்றர். முதலில் சிறிய உலக முடிவு, பின்னர் பெரியது. திடீரெனப் பூமி முடிந்துவிடுகிறது. கீழே ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துச் சரிவு. தேயிலைத் தோட்டத்து வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரியும். தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம் மின்னும். வானம் மிகத் தெளிவாயிருந்தால் தென்கரைக் கடலின் கோடும் தெரியும். உம்மாமார் பிள்ளைகளின் கையை விடவே கூடாத இடம் இது. வெளிநாட்டுப் புதுமாப்பிள்ளை ஒருவர் 2015இல் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் காலெடுத்து வைத்து, விளிம்பிலிருந்து விழுந்தார். இடையில் ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். எல்லோருக்கும் மரம் கிடைக்காது.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. பெலிஹுல் ஓயா பாறைகளில் பிரிந்து சுமார் 20 மீற்றர் கீழே விழுகிறது. பெயருக்குரிய சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியேறியிருந்த ஆங்கிலேயர், வேட்டைப் பிரியர். மரைகளை நாய்களைக் கொண்டு துரத்திக் கத்தியால் குத்திக் கொல்வதில் அவருக்குப் பெரும் விருப்பம். இதையெல்லாம் பெருமையாகப் புத்தகமாகவும் எழுதினார். அவருக்கு முன்னர் பதுளைப் பகுதியில் இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். ஒரு காலத்தில் இந்த மலைவெளியிலும் யானைகள் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. உணவுக்காகக் கொல்லப்பட்டவை அல்ல அவை. விளையாட்டுக்காக! உயிருள்ள ஒன்றை இலக்காக வைத்து எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நம் பெண்பிள்ளைகளும் மத்ரஸாவில் படித்திருப்பார்கள். அந்தத் தடையின் ஆழம், யானையற்ற இந்த வெளியில் நிற்கும்போது விளங்குகிறது. சமவெளியின் நடுவே இன்று பார்வையாளர் நிலையமாக இருக்கும் 'ஃபார் இன்' கட்டடமும் வேட்டைக்காரர் தங்குவதற்கென எழுப்பப்பட்டதுதான்.

இங்கே அரபு வரலாற்றிலிருந்து ஒரு சொல்லை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 'ஹிமா' என்பது அந்தச் சொல். காக்கப்பட்ட நிலம் என்று பொருள். அறியாமைக் காலத்து அரபுத் தலைவன் ஒருவன் பசுமையான இடத்தைக் கண்டால் மேட்டில் ஒரு நாயைக் குரைக்க விடுவானாம். குரைப்பொலி எட்டிய தூரம் முழுவதும் அவனுடைய மந்தைக்கு மட்டும். வேறெவரும் அங்கே மேய்க்க முடியாது. அந்த வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே அன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என அறிவித்தார்கள். அதாவது, தனியொருவரின் சொகுசுக்காக நிலத்தை அடைத்துவைக்க முடியாது; பொது நலனுக்காகக் காக்கலாம். அவ்வாறே மதீனாவுக்கு அப்பால் நகீஃ எனுமிடத்தைப் பொதுக் குதிரைகளுக்காகக் காத்து வைத்தார்கள். உமர் (ரழி) அவர்கள் தமது ஆட்சியில் ரபதாவையும் ஸரஃபையும் ஹிமாவாக்கி, ஹுனை என்பவரைக் காவலராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு இட்ட கட்டளை என்ன தெரியுமா? சில ஆடுகளும் ஒட்டகங்களுமே உள்ள ஏழையை உள்ளே விடு. செல்வந்தர்களான உத்மான் பின் அஃப்பானின் மந்தையையும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபின் மந்தையையும் விடாதே என்பதுதான். அவர்கள் சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற தோழர்கள்! இருந்தும் ஹிமாவின் சட்டம் அவர்களுக்காக வளையவில்லை.

ஹோட்டன் சமவெளியின் கதையும் இதற்கு ஒப்பானதே. நாயைக் குரைக்கவிட்ட துரைமாரின் வேட்டை நிலமாக இருந்தது அது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாட்டுக் காடுகள் வேகமாக அழிந்துகொண்டிருந்தபோது, 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விட்டுவிடும்படி 1873இல் ஜோசப் ஹூக்கர் எனும் தாவரவியலாளர் அரசுக்கு ஆலோசனை கூறினார். அவர் ஆங்கிலேயர்தான். எல்லோரும் பேக்கர் போல இருக்கவில்லை என்பதையும் நீதியோடு சொல்ல வேண்டும். அதனால்தான் இம்மலையுச்சி தேயிலைக்குத் தப்பியது. 1960களில் புல்வெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் இது காப்பிடமாக்கப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடர், சிவனொளிபாத மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமையாகப் பதிந்தது. பரப்பளவு 3160 ஹெக்டயர். நம் கணக்கில் ஏறத்தாழ 7800 ஏக்கர். மூன்று ஆறுகளுக்கு அது ஒன்றும் பெரிய நிலமல்ல.

வாயிலில் சத்தமிட்ட அந்தச் சகோதரருக்கு இதுதான் பதில். ரிக்கற் வாங்கியதால் அந்த இடம் நமக்குச் சொந்தமாவதில்லை. உமர் (ரழி) அவர்களின் காவலரிடம் பெருஞ்செல்வந்தரின் ஒட்டகமே நின்றுவிட்டது. நம் பிஸ்கட் உறை நிற்கக் கூடாதா?

உயிரினங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முதலில் மரை. சிங்களத்தில் கோணா என்பார்கள். மாலையிலும் விடியற்காலையிலும் கூட்டமாகப் புல்வெளிக்கு வரும். ஆண் மரையின் கழுத்தில் அடர்ந்த மயிரும் கிளைத்த கொம்புகளும் கம்பீரமானவை. கரடிக் குரங்கு என்று ஒன்று. தாழ்நிலத்து ஊதாமுக மந்தியின் மலைநாட்டு இனம். குளிருக்கென்றே தடித்த உரோமப் போர்வை அணிந்தது. சிறுத்தைகளும் இருக்கின்றன, அவை நம்மைப் பார்க்கும், நாம் அவற்றைப் பார்ப்பது அரிது. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று மரத்தண்டில் அசையாமல் இருக்கும். இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லாத பறவைகள் பல இந்தக் காட்டில் வாழ்கின்றன. மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி பார்வையாளருக்குப் பயப்படாமல் பாதையோரத்திலேயே காணப்படும். விடியுமுன் நீரோடைப் பக்கத்தில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்டால், அது சீழ்க்கைப் பூங்குருவியாக இருக்கலாம். கண்டவர் பாக்கியசாலி.

இன்னும் பெரிய பாக்கியசாலிகள் உண்டு. இக்காட்டில் ஒரு வகைத் தேவாங்கு வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய, பெரிய கண்களையுடைய இரவுப் பிராணி. 1937இலிருந்து நான்கு தடவைகள் மட்டுமே கண்டதாகப் பதிவு இருந்ததால், அழிந்தே போயிற்று என்று பலரும் எண்ணினர். 2009இல் ஆராய்ச்சியாளர்கள் இரவிரவாகத் தேடி, முதன்முறையாக அதைப் படம் பிடித்தார்கள். எழுபது ஆண்டுகளாக மனிதக் கண்ணுக்குத் தப்பி அந்த மரக்கிளைகளில் அது வாழ்ந்து கொண்டுதான் இருந்திருக்கிறது. அதன் ரிஸ்க்கை அல்லாஹ் அங்கே நிறுத்தவில்லை.

மரைகளைப் பற்றி ஒரு விடயம். வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே சில மரைகள் மனிதரோடு பழகிப்போய் நிற்பதைக் காணலாம். எங்களோடு வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை பனிஸைப் பிய்த்து நீட்டியது. நான் தடுத்தேன். பிள்ளையின் உம்மா கேட்டார்: "ஏன் மௌலவி, வாயில்லாச் சீவனுக்குச் சாப்பாடு குடுக்கிறது நன்மைதானே? நாய்க்குத் தண்ணி குடுத்தவருக்கு அல்லாஹ் மன்னிச்ச கதைய நீங்கதானே பயானில சொன்னீங்க?"

நல்ல கேள்வி. "அந்த நாய் தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. இந்த மரைக்கு வேண்டிய அளவு புல் இருக்கிறது" என்றேன். நம் கையால் தின்று பழகிய மரை, காட்டை மறந்து வாகனங்களைச் சுற்றுகிறது. சாப்பாட்டு மணம் வீசும் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது. அது வயிற்றில் சமிப்பதில்லை. குடலை அடைத்து, வயிறு நிறைந்தாற்போலவே பட்டினி கிடந்து சாக வைக்கிறது. தாகத்தைத் தீர்ப்பதும் பனிஸ் கொடுத்து வழக்கத்தைக் கெடுப்பதும் ஒன்றல்ல. அபூஹுரைரா (ரழி) அவர்கள், மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டமாட்டேன் என்று சொன்னார்கள். அந்நகரின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம். மானுக்கு அவர் செய்த உபகாரம், அதை அதன் பாட்டில் விட்டதுதான். அந்த உம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப பனிஸை நாங்களே சாப்பிடுவம்" என்றார். பிள்ளைக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

இனி, மனதுக்குக் கஷ்டமான ஒரு காட்சி. காட்டோரத்தில் நடக்கும்போது, பச்சை மரங்களுக்கு நடுவே நின்றபடியே உலர்ந்துபோன மரங்களைக் காண்பீர்கள். சாம்பல் நிறத்தில், இலையின்றி, எலும்புக்கூடுகளைப்போல. முதிர்ந்து விழுந்தவை அல்ல. உச்சிக்கிளையிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போனவை. 1970களின் பிற்பகுதியில் கவனத்துக்கு வந்த இந்த நோய் இன்னும் நிற்கவில்லை. கீன மரமும், நாவல் இனத்து மரங்களும், காட்டுக் கறுவாவும் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கின்றன. வரட்சி, மண்ணில் சத்துக்குறைவு, முகிலோடு கலந்துவரும் வாகனப்புகை மாசு, பூஞ்சண நோய் என ஆராய்ச்சியாளர்கள் பலவற்றைச் சுட்டுகிறார்கள். ஒன்றையொட்டி இன்னொன்றாக இவை சேர்ந்து தாக்குவதாகவே தெரிகிறது. முகிலைப் பிடிக்கும் மரம் பட்டால் ஓடை மெலியும் என்பதை மேலே பார்த்தோம்.

வெளியிலிருந்து வந்த செடிகளும் ஒரு தொல்லை. மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர் ஒன்றை ஆங்கில ஆட்சிக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 'கோர்ஸ்' என்பது பெயர். பார்வைக்கு அழகு. ஆனால் புல்வெளியை விழுங்கிப் பரவுகிறது. திணைக்களத்தினரும் தொண்டர்களும் வேரோடு பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். தூண்டில் விளையாட்டுக்காக அக்காலத்தில் ஓடைகளில் விடப்பட்ட ட்ரவுட் மீனும் அப்படித்தான்; இங்கேயே பிறந்த சிறு நீர்வாழ் உயிர்களை அது இரையாக்குகிறது.

பூக்களைப் பறிக்கும் ஆசை நமக்கு எப்போதும் உண்டு. நெலு என்ற செடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காட்டின் அடியில் புதர்புதராக வளர்ந்து, ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒரு தடவை எல்லாம் ஒன்றாகப் பூக்கும். 2013இல் அப்படிப் பூத்தபோது சனத்திரள் மலையேறியது. ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் காடே நிறம் மாறும், தேனீக்கள் மொய்க்கும், விதை விழுந்ததும் காட்டுக்கோழிகள் கூடும். பூத்து முடிந்த செடி மடிந்துவிடும். அதன் வாழ்வில் அதுவே ஒரே பூப்பு. அந்தப் பூவை ஒடித்தவர், 12 ஆண்டுக் காத்திருப்பை ஒரு படத்துக்காக ஒடிக்கிறார். விதையாகாத பூவுக்கு அடுத்த தலைமுறை இல்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். செருப்பு வேண்டாம், சறுக்காத சப்பாத்து அணியுங்கள். கற்களும் வேர்களும் நிறைந்த பாதை, பனியில் வழுக்கும். அபாயாவைக் கணுக்கால் அளவுக்குத் தைத்து, உள்ளே நீண்ட காற்சட்டை அணிந்தால் ஓரம் நனையாது, நடையும் தடைப்படாது. சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டுங்கள். நம் மூத்தம்மாமார் கட்டிய முறைதானே! அந்த இலையையும் மடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். நெருப்பு எதுவும் மூட்டக்கூடாது. உலர்ந்த மாதங்களில் ஒரு தீக்குச்சி போதும், பத்தனைப் புல் ஏக்கர் கணக்கில் எரிந்துவிடும். முழங்கால் வலியுள்ள முதியோரை 9 கிலோமீற்றர் நடக்க வைக்காமல் ஃபார் இன் பக்கத்திலேயே இருத்துங்கள். அங்கும் பார்க்க நிறைய உண்டு. பாட்டுப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னால், மௌலவி அப்படித்தான் சொல்வார் என்பீர்கள். பூங்குருவிக்காகச் சொல்கிறேன்.

தொழுகை விடயம். கொழும்பு போன்ற தூர இடங்களிலிருந்து வருபவர்கள் பயணிகள். லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழ அனுமதியுண்டு. பூங்காவை விட்டு இறங்கிய பின்னர் ஆறுதலாகத் தொழலாம். மேலேயே தொழுவதானால், வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் விரிப்பை விரித்துக்கொள்ளுங்கள். செடிகளை மிதித்து உள்ளே போக வேண்டியதில்லை. ஓடையில் இறங்கிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாதீர்கள். ஒரு போத்தல் நீர் வுழூவுக்குத் தாராளம். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைவான நீரில் வுழூச் செய்தார்கள். அந்தக் குளிரில் அதற்கு மேல் ஊற்ற உங்களுக்கே மனம் வராது!

பிற்பகலானால் முகில் மறுபடியும் இறங்கத் தொடங்கும். பத்தடி தூரத்தில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார். அதற்கு முன்னர் பிள்ளைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்து, வாகனத்தில் ஏற்றிவிடுங்கள்.